வீங்கிய கையும் வீங்காத கையும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அறிவியல் பக்கம் என்று ஒன்று வருகிறது. போன வாரம் அதில் உடம்பின் நோய் எதிர்ப்பைப் பற்றி அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். வெள்ளை அணுக்களுக்குத் தொப்பியும் துவக்கும் கொடுத்துப் படம் வேறு. உடம்புக்குள்ளே ஒரு படை இருக்கிறதாம். அது எல்லையைக் காவல் காக்கிறதாம், எதிரியைக் கண்டால் சுடுகிறதாம். வன்னியில் வாழ்ந்தவளுக்குப் படை என்றால் என்னவென்று இவர்கள் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. எந்தப் படையும் தேடி வந்த ஆளைச் சரியாக அடையாளம் கண்டு அவனை மட்டும் பிடித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அணுக்கள் பாவம், அவற்றை ஏன் இப்படி அவமானப்படுத்த வேண்டும்?

படத்தை விட்டுவிட்டுக் கட்டுரையை வாசித்தேன். ஒருமுறை சந்தித்த கிருமியை அணுக்கள் பல வருடங்களுக்கு நினைவில் வைத்திருக்கின்றன, அந்த நினைவு எங்கே, எப்படித் தங்குகிறது என்று இப்போது புதிது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று இருந்தது. நெடுநாள் சண்டை பிடித்த அணுக்கள் களைத்துப்போய்க் கிருமி கண்முன்னே நின்றாலும் சும்மா இருந்துவிடுவது உண்டு, அந்தக் களைப்பைத் தெளிவிக்க வழி தேடுகிறார்கள் என்றும் இருந்தது. அந்த இடத்தோடு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். அப்படி ஒரு களைப்பை நான் ஒரு மனிதனின் கையில் கண்டிருக்கிறேன். எங்கள் கொலனி முழுவதும் கண்டது. கண்டுவிட்டு, இதுவல்லவோ சுகதேகம் என்று மெச்சியது.

ஐம்பதுகளின் கடைசி. நாங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்கள். கொலனிச் சனத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அது தெரியாவிட்டால் பிறகு நடந்த கூத்து விளங்காது. எங்களில் ஒவ்வொரு குடும்பமும், அரசாங்கம் காணி கொடுக்க ஆள் தெரிந்தெடுக்கும் காணிக் கச்சேரி என்ற சல்லடையில் விழுந்து எழும்பி வந்தது. மரத்துக்குக் கீழே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் உத்தியோகத்தர், முன்னால் வெயிலில் சனம். கேள்வி கேட்பார்கள். காணி கிடைக்கப்போகிறவரை "இந்தப் பக்கம் வாங்கோ" என்று தனி வரிசையில் நிறுத்துவார்கள். கிடைக்காதவருக்கு "நீங்கள் போகலாம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு அழுதுகொண்டு ரயில் ஏறியவர்கள் உண்டு. என் தகப்பனார், ஐயா, அந்தத் தனி வரிசையில் நின்றவர். ஏதோ சிம்மாசனம் கிடைத்ததுபோல அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் எவராக இருந்தாலும் அவர் மனிதரை நல்லது, கூடாதது என்று பிரிக்கத்தான் வந்திருக்கிறார் என்பது எங்கள் சனத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வயல் எங்கள் வயலுக்கு அடுத்தது. அவரை எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாட்களில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பில் நின்று, "உங்கடை வயலுக்குத் தண்ணி கூடப் போகுது, சீதனத்திலை சேக்க வேணும்" என்று என்னைப் பார்த்து ஐயாவிடம் சொல்லுவார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காத பின்னேரம் குறைவு. சிரித்தால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழியும். கொஞ்சம் மெலிவு. பின்னேரமானால் உடம்பு காயும், இடைக்கிடை இருமுவார். அதை யார் கணக்கெடுத்தது? வன்னியில் மெலியாதவர் யார், காய்ச்சல் காயாதவர் யார்? மலேரியா என்று கொயினாவை விழுங்குவார். இருமலுக்குச் சுருட்டைக் குற்றம் சொல்லுவார். மறுநாள் வயலில் நிற்பார். பொன்னுருக்குக்கு நாள் பார்த்தாகிவிட்டது. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் பிறகு கலியாணம் பாதி முடிந்த மாதிரி.

அவருடைய தாயை மாமி என்றுதான் கூப்பிடுவேன். சம்பந்தம் பேச முன்னர் மாமி எங்கள் வம்சத்தை மூன்று தலைமுறைக்குத் தோண்டிப் பார்த்தவா. பைத்தியம், வலிப்பு, கசம் இந்த மூன்றும் பெண் வீட்டில் இருக்கக் கூடாது. கசம் என்றால் சயரோகம், நெஞ்சைத் தின்கிற இருமல். அந்தப் பெயரை வாயால் சொன்னாலே ஒட்டிவிடும் என்று பயந்து "அந்த வருத்தம்" என்றுதான் சொல்லுவார்கள். தன் வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று தோண்டிப் பார்க்க மாமிக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டு வம்சம் அவ்வளவு ஆழம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வருத்தத்துக்குத் தடுப்பூசி போடுகிறோம் என்று ஒரு ஜீப் வந்தது. பள்ளிக்கூடத்து மண்டபத்தில் வெக்கை என்று வெளியே மருதமரத்துக்குக் கீழே மேசையைப் போட்டார்கள். மரம், மேசை, உத்தியோகத்தர், வெயிலில் சனம். போதாதா? ஆட்கள் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். ஐயா அன்றைக்குச் சவரம் செய்திருந்தார்.

தடுப்பூசி உடனே போடவில்லை. முதலில் இடது முன்கையில், தோலுக்கு உள்ளே, ஒரு துளி மருந்தை ஏற்றினார்கள். அது சோதனை. மூன்றாம் நாள் திரும்பி வந்து காட்ட வேண்டும். எதற்குச் சோதனை, எதைப் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊசி போட்ட இளந்தாரி வெள்ளைக் காற்சட்டையும் எண்ணெய் வழியச் சீவிய தலையுமாக இருந்தான். எங்களைப் பார்த்து வாயைத் திறந்தால் தன் படிப்பில் கொஞ்சம் எங்களோடு போய்விடும் என்று பயந்தவன் மாதிரி உதட்டை இறுக்கி வைத்திருந்தான்.

சொல்லாத இடத்தில் சனம் தானே சொல்லிக்கொள்ளும். பொழுதுபடுவதற்குள் கதை முடிவாகிவிட்டது: அந்த வருத்தம் உடம்பில் ஒளித்திருந்தால் கை வீங்கிக் காட்டிக்கொடுக்கும். பிறகு கொலனியில் நடந்த வைத்தியத்தைச் சொல்ல வேண்டுமா? ஒரு வீட்டில் தேசிக்காய்ப் புளி பூசினார்கள், இன்னொரு வீட்டில் திருநீறு, மற்றொரு வீட்டில் வெந்நீர் ஒத்தடம். கிணற்றடியில் ஒருவர் கையை ஒருவர் கடைக்கண்ணால் அளந்தார்கள். மாமி வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்தா. வைகாசிப் பொங்கலுக்கு வந்து பால்செம்பு எடுப்பன், என்ரை பிள்ளையின்ரை கை வீங்கக் கூடாது என்று. இவ்வளவு பெரிய அம்மாளுக்கு வேறு வேலை இல்லை.

இரண்டாம் நாள் மாமி இரண்டு முருங்கைக்காயோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. முருங்கைக்காய் எங்கள் வேலியிலும் காய்த்துத் தொங்கியது. நான் குசினியில் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன். கை முழங்கை வரை வெளியே இருந்தது.

"உதென்ன பிள்ளை கையிலை?"

"ஊசி போட்ட இடம் மாமி. கொஞ்சம் தடிச்சிருக்கு."

"கொஞ்சமோ? தேசிக்காய்ப் பாதியைக் கவிட்டு வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு." மாமி கிட்ட வரவில்லை. குசினி வாசலிலேயே நின்றா. "என்ரை பெடிக்கு ஒரு பொட்டுத் தடிப்பும் இல்லை. ஊசி போட்ட இடமே தெரியேல்லை."

முருங்கைக்காயை வைத்தாவா, திருப்பிக் கொண்டுபோனாவா என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. பிட்டை ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது ஞாபகம்.

மூன்றாம் நாள் கையைக் காட்டப் போனோம். கெட்டிக்காரர் சிலர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இடது கை வீங்கியவர்கள் அதைச் சேலைத் தலைப்பிலும் துவாயிலும் சுற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார்கள். அந்த வெள்ளைக் காற்சட்டைக்கு இடது வலது தெரியவில்லையோ, பார்க்கப் பஞ்சியோ சோம்பலோ, அவர்களையும் தடுப்பூசி வரிசையில் விட்டான். பிறகு அவர்களுக்கு ஊசி போட்ட இடம் உடனேயே புண்ணாகிச் சீழ் வடிந்தது. ஏற்கெனவே கிருமியைக் கண்ட உடம்புக்கு அந்த ஊசி அப்படித்தான் செய்யும். அவர்களோ "எனக்கு ஊசி நல்லாப் பிடிச்சிருக்கு" என்று அந்தப் புண்ணைப் பட்டயம் மாதிரிக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

நான் இடது கையை நீட்டினேன். படித்த பெட்டை, பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டுகிறவள், பொய்க் கையைக் காட்டலாமா என்ற மிதப்பு. அவன் ஒரு சின்ன அளவுகோலை வீக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தான்.

"உங்களுக்கு ஊசி தேவையில்லை. நீங்கள் போகலாம்."

"ஏன் தேவையில்லை?"

"தேவையில்லை எண்டால் தேவையில்லைத்தான். அடுத்த ஆள் வாங்கோ."

"நீங்கள் போகலாம்" என்ற சொல் அந்த மரத்தடியில் விழுந்ததும் எனக்குப் பின்னால் நின்ற வரிசை கொஞ்சம் விலகியது. அவர்கள் கேட்டது ஊசிக் கதை அல்ல, காணிக் கச்சேரித் தீர்ப்பு. என் உடம்பு தேறவில்லை. ஐயா ஓடிவந்து, "ஒரு ஊசியைப் போட்டு விடுங்கோ தம்பி, பெட்டைக்குக் கலியாணம் பேசிக்கிடக்கு" என்று கெஞ்சினார். அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஐயாவும் நானும் ஒரு பக்கம் ஒதுங்கிய பிறகுதான் அவர் வயலிலிருந்து, நடந்தது தெரியாமல், வந்து சேர்ந்தார். கை வாழைத்தண்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது. "இந்தப் பக்கம் வாங்கோ" என்றான். மாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினா. அந்த ஊசிக்காரர்கள் அன்றைக்குக் கொலனி முழுவதன் கைகளையும் பார்த்தார்கள். கைக்கு மேலே ஒவ்வொருவருக்கும் ஒரு முகம் இருந்தது, அதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கன்னத்தெலும்பு துருத்தி, கண் குழிவிழுந்து, காலை நேரத்திலேயே வியர்த்துக்கொண்டு நின்ற ஒருவனுக்குத் தடுப்பூசி போட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்த கிழமை மாமி வேலிப் படலைக்கு வெளியே நின்று ஐயாவைக் கூப்பிட்டா. உள்ளே வரவில்லை. அம்மா கொண்டுபோன தேத்தண்ணியைத் தொடவும் இல்லை.

"எங்கடை பரம்பரையிலை அந்த வருத்தம் இல்லை அண்ணை. நாளைக்குப் பேரப்பிள்ளையளுக்கு வந்துதெண்டால் ஆர் பொறுப்பு? குறை நினையாதேங்கோ."

"பெட்டை சுகமாத்தானே இருக்கிறாள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை..."

"கை சொல்லுதே அண்ணை. கை பொய் சொல்லுமோ?"

கை பொய் சொல்லவில்லை. அது சரி. அதன் பாஷைதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகு கிணற்றடியில் நான் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் தாய்மார் பிள்ளைகளை என் வகுப்பிலிருந்து மாற்றிவிடச் சொல்லி வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் வலது கையைக் காட்டி ஊசி வாங்கியவர்கள் என்பது எனக்குத் தெரியும். இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். சனத்தின் மூளை எவ்வளவு என்று எனக்கு முதலே ஒரு மட்டு இருந்தது. தாங்க முடியாதது, அவர் வராமல் விட்டது. முறைத் தண்ணீர் நாட்களில் அவருடைய தம்பி வந்து மடையைத் திறந்தான். வரம்பைப் பார்த்துப் பார்த்துக் கண் நொந்து, கடைசியில் கோழை, தாயின் சேலைத் தலைப்பில் தொங்குகிறவன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். திட்டிவிட்டு அழுவேன். அழுவது எனக்கே எரிச்சலாக இருந்தது.

அந்த வீக்கம் என்னவென்று நான் கற்றுக்கொண்டது பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. எப்போதோ அந்தக் கிருமி என் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. என் உடம்பு அதை மறித்து, ஒரு மூலையில் அடைத்துப் போட்டுவிட்டு, எனக்குச் சொல்லாமலே தன் வேலையைப் பார்த்திருக்கிறது. பிறகு அந்தக் கிருமியின் துணுக்கு ஒன்றைக் கையில் ஏற்றியதும், அதை முன்னரே கண்டறிந்த அணுக்கள் உடம்பெங்கும் இருந்து அந்த இடத்துக்கு வரத் தொடங்கின. செத்தவீட்டுச் செய்தி கேட்டுச் சொந்தக்காரர் ஊர் ஊராக இருந்து வந்து சேருவதுபோல ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் வரும். அதனால்தான் நாள் கழித்துப் பார்ப்பது. அந்தக் கட்டி அவற்றின் கூட்டம். அவ்வளவுதான். வருத்தக்காரருக்கும் வீங்கும், வருத்தத்தை அடக்கிவைத்த சுகதேகிக்கும் வீங்கும். வீக்கம் சொல்வதெல்லாம், இந்த உடம்பு அந்த எதிரியைக் கண்டிருக்கிறது, மறக்கவில்லை என்பது மட்டுமே.

கிருமி எனக்கு எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்திலிருந்தோ, ரயில் பெட்டியிலிருந்தோ தெரியாது. எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருமிய மனிதரிடமிருந்தே வந்திருக்கவும் கூடும். அப்படியானால் மாமி வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பொருள் அதுதான்.

அதே காலத்தில் வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் பெரிய பெரிய மூளைகள் இதைப் பற்றித்தான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தன என்று இப்போது வாசிக்கிறேன். வீங்குகிற ஒரு பிராணியின் இரத்தத்தின் தெளிந்த நீரை இன்னொன்றுக்கு ஏற்றினால் அதற்கு வீங்கவில்லை. அணுக்களை எடுத்து ஏற்றினால் வீங்கியது. அப்படியானால் நினைவு அணுவில் இருக்கிறதா, எந்த அணுவில், அது எங்கே படித்து வருகிறது என்று கேட்டுக் கேட்டு, நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்கியிருந்த ஒரு சின்னச் சுரப்பியில் அதன் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தார்கள். கற்றவர்களுக்கு அவ்வளவு சந்தேகம். எங்கள் கொலனியில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

மாரி மழை தொடங்கிக் காலபோக விதைப்பு நேரம் அவர் வயலில் இரத்தமாக இருமினார். கிளிநொச்சியில் காட்டி, எக்ஸ்ரே பார்க்க வேண்டும் என்று வவுனியாவுக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். இரண்டு பக்க நெஞ்சும் அரிபட்டுப்போயிருந்தது. கொலனி வாயைப் பொத்திக்கொண்டது. சிலர் எனக்கு மறுபடி சிரித்துக் காட்டினார்கள். நான் சிரிக்கவில்லை.

சில நாளில் மாமி திரும்பவும் வந்தா. இந்தமுறை படலைக்கு வெளியே நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து கதிரையில் இருந்தா. கையில் வெற்றிலைத் தட்டம், பாக்கு, வாழைப்பழம், மேலே ஒரு கூறைச் சேலை.

"பிள்ளை, டொக்குத்தர் எல்லாம் விளங்கப்படுத்தினவர். கை வீங்கின ஆக்களின்ரை உடம்பு அந்த வருத்தத்தைக் கண்டு வைச்சிருக்குமாம். லேசிலை பிடியாதாம்."

"அதுக்கு?"

"அம்மை போட்டு அம்மாள் வருத்தம் வந்த வீட்டிலை, முதல் அம்மாள் கண்டு மாறின ஆக்களைத்தானே நோயாளியைப் பாக்க விடுறனாங்கள்? ஒருக்கால் வந்தவைக்கு மறுக்கா வராது. இதுவும் அதுபோலத்தானே. நாளைக்கே கலியாண எழுத்தை எழுதித் தாலியைக் கட்டிப்போட்டால், பிறகு நீ ஆஸ்பத்திரியிலை நிண்டு அவனைப் பாக்கலாம். அந்நியப் பெட்டை நிண்டால் சனம் கதைக்கும், பெண்சாதியெண்டால் ஒருத்தரும் கதையாயினம்."

ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. கலியாணம் நடக்கப்போகிறது, மகளுக்கு வரிசையில் இடம் கிடைக்கப்போகிறது என்ற வெளிச்சம். ஐயாவின் மற்றப் பிழைகளையெல்லாம் மன்னித்துவிட்டேன், அந்த வெளிச்சத்தை மன்னிக்க முடியவில்லை.

"உங்கடை வீட்டிலை ஊசி போட்ட ஆக்கள் இருக்கினம்தானே மாமி. அவையளை விடுங்கோவன்."

"அவையளுக்கு ஏதும் வந்திட்டால்?"

"எனக்கு வந்தால்?"

"உனக்குத்தான் வராதே!"

வெட்கம் என்ற ஒன்று அந்த முகத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மாமிக்கு அது நியாயமாகவே பட்டது. சம்பந்தத்தை முறிக்கவும் என் கைதான் காரணம், சம்பந்தத்தை ஒட்டவும் என் கைதான் காரணம். கையைக் கொண்டுவந்தவள் ஒரு பெண் என்பது இரண்டு முறையும் கண்ணில் படவில்லை.

அவர் கேட்டிருந்தால் நான் போயிருப்பேன். தாலி கட்டியும் போயிருப்பேன், கட்டாமலும் போயிருப்பேன். அதனால் கேட்டேன்.

"என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அவர் கேட்டவரோ?"

மாமி சேலைத் தலைப்பைத் திருகினா. "அவன் எப்பிடிக் கேப்பான்? நீதான் அவனை வேண்டாம் எண்டு சொன்னதெண்டெல்லோ அவனுக்குச் சொல்லிப்போட்டம். இல்லாட்டி அவன் விடமாட்டன் எண்டு நிண்டவன். உன்ரை கை வீங்கினதும் அவனுக்குச் சொல்லேல்லை."

நான் எத்தனை மாதம் அந்த வரம்பைப் பார்த்துக்கொண்டு அவரைத் திட்டினேன்! அவரும் எங்கேயோ இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தட்டத்தை எடுத்துக்கொண்டு போங்கோ மாமி. கூறையையும் எடுங்கோ."

"ஆற அமர யோசிச்சுச் சொல்லு பிள்ளை..." என்று ஐயா தொடங்கினார். நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை ரயிலில் தனியாக வவுனியாவுக்குப் போனேன். கசக்காரி என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது, அதற்கு மேல் இன்னொரு பெயர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னை நிறுத்தி, நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டார். அடுத்த வயல்காரர் என்றேன். அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கிட்ட இருந்து கதைக்க வேண்டாம், கனநேரம் நிற்க வேண்டாம் என்றார். நான் என் கை வீங்கிய கதையைச் சொன்னேன். உள்ளே கிடப்பவருக்குக் கை வீங்கவில்லையே, பிறகு எப்படி இந்த வருத்தம் என்று கேட்டேன்.

"வீங்காததுதான் கூடாத குறி," என்றார் அவர். "வருத்தம் முத்தி உடம்பு களைச்சுப்போனால் எதிர்க்கிறதுக்கு உள்ளுக்கை ஒண்டும் மிஞ்சாது. அப்ப கையிலை என்னத்தைக் குத்தினாலும் பேசாமல்தான் கிடக்கும். அண்டைக்கே அவருக்கு வருத்தம் முத்தியிட்டுது. மருந்து போடுறம். ஆனால் பிந்திப்போச்சு தங்கச்சி. இனிக் கனநாள் இல்லை."

அவருடைய கட்டிலை விறாந்தையின் கடைசியில் தனியாகப் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கோப்பை நிலத்தில், கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. வைத்தவர் அதற்கு மேல் கிட்ட வரப் பயந்திருக்க வேண்டும். நான் அதை எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு இப்ப ஏன் வந்தனீர்?"

"நான் சொல்லேல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். கை வீங்கியது, மரத்தடியில் போகச் சொன்னது, மாமி படலையில் நின்று முறித்தது, நேற்றுத் தட்டம் கொண்டுவந்தது. அவர் மெல்லத் திரும்பினார். கன்னங்கள் இரண்டும் இப்போது குழிந்திருந்தன.

"கையைக் காட்டும் பாப்பம்."

காட்டினேன். வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. காய்ந்த தேயிலைச் சாயம் மாதிரி ஒரு மறு மட்டும் கிடந்தது. அவர் விரலை அதன் மேல் வைத்தார். விரல் கொதித்தது.

"இதுக்கோ? இந்தப் பொட்டுக்கோ?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய வெகுநேரம் எடுத்தது. நான் முதுகைத் தடவிவிட்டேன். ஊசி போட்ட ஒருவரும் அவருக்குக் கிட்ட நின்று அதைச் செய்யவில்லை.

மூச்சு வந்த பிறகு தன்னுடைய இடது கையை நீட்டி, அதையும் என்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடையது எலும்பும் தோலுமாக, ஒரு அடையாளமும் இல்லாமல் இருந்தது. திடீரென்று முகத்தில் ஒரு தெளிவு வந்தது. முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார்.

"எனக்கு வீங்கேல்லைத்தானே. ஊசியும் போட்டவை. அப்ப எனக்கு இது மாறியிடும், என்ன?"

அந்தக் கொலனியின் மடத்தனத்தை அத்தனை மாதமும் வாய்க்கு வந்தபடி ஏசியவள் நான். தேசிக்காயை, திருநீற்றை, நேர்த்தியை, அந்த வெள்ளைக் காற்சட்டையை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. டொக்டர் சொன்னது இன்னும் காதில் இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றேன். "வீங்காத ஆக்களுக்கு ஒண்டும் வராது."